பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வு இணைப்பில் வந்த விந்தகப் புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். ஆண்கள் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரியும் விஷயத்தைப் பெரிய எழுத்தில் தலைப்பு போட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் மூன்று வாக்கியங்கள் எனக்கு உறுத்தலாக இருந்தன. இது வாலிப வயது ஆண்களின் நோய் என்று ஒன்று. ஊசி போட்டுத் திசு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று இன்னொன்று. ‘பெரும்பாலும் செமினோமா வகைதான், கதிர்வீச்சோ கீமோவோ கொடுத்தால் சரியாகிவிடும்’ என்று மூன்றாவது. (செமினோமா என்பது விந்தணுவை உண்டாக்கும் செல்வம்சத்தில் வரும் ஒரு புற்றுக்கட்டி.)

இதில் பேச ஒரு பொம்பளைக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். 1988-இலிருந்து 31 வருஷம் ஹிஸ்டோபதாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்தவள் நான். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றி டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. மெழுகுக்குள் போய்விட்டால் கருப்பையும் ஒன்றுதான், விதையும் ஒன்றுதான். வெட்கம் எல்லாம் முதல் ஆறு மாதத்தில் போய்விட்டது.

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விதையில் கட்டி என்று சந்தேகம் வந்தால் வழக்கமாக ஊசி குத்திப் பார்ப்பதில்லை. விதைப்பையைக் கிழிப்பதும் இல்லை. தொடை இடுக்கு வழியாகத் திறந்து, விதையை அதன் கொடியோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். கட்டியைக் குத்தினால் செல்கள் பைத்தோலுக்கும் அங்கிருந்து வேறு வழியில் தொடை இடுக்கு நெறிகளுக்கும் போகலாம் என்ற பயம்தான் காரணம். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது போய் ‘ஊசி போட்டுப் பாருங்கள்’ என்று கேட்டுவிடக் கூடாது.

இனி மூன்றாவது வாக்கியம். இதற்கு என் அக்கா வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும். அத்தானிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். “ஊர் பேரு போடாத, எம் பேரும் போடாத, மத்தபடி எழுதிக்கோ” என்றார்.

அத்தானுக்கு அப்போது 61 வயது. விவசாயம். வலப்பக்க விதை பெரிதாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு விதை வீங்கினால் ஓதம், அதாவது நீர் கோத்தது என்றுதான் தோன்றும். யானைக்கால் கொசு ஆண்ட ஊர். அத்தானுடைய தாத்தாவே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஓதத்தோடு எண்பது வயது வரை வரப்பில் நடந்தவர். அதனால் இவரும் பரம்பரைச் சொத்து என்று விட்டுவிட்டார். கடைசியில் அக்காதான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு அழைத்துப் போனாள். ஸ்கேனில் நீர் இல்லை, கெட்டியான கட்டி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: செமினோமா. சி.டி. ஸ்கேனில் முதுகுத்தண்டை ஒட்டி ஒரு நெறி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான், கட்டி பரவ ஆரம்பித்துவிட்டது, மூன்று சைக்கிள் கீமோ என்று தேதி குறித்துவிட்டார்கள். அந்த மருந்துகளில் பிளியோமைசினும் ஒன்று. நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. வயது ஏறினவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அத்தான் நாற்பது வருஷ பீடிக்காரர்.

அதற்குப் பிறகுதான் அக்கா எனக்கு போன் செய்தாள். தங்கச்சி இதே வேலை பார்த்தவள் என்பது நினைவில்லாமல் இல்லை, கூச்சம்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான். வயது 61. முடிவு செமினோமா. எச்-அண்ட்-ஈ என்ற வழக்கமான சாயம் மட்டும் பார்த்து எழுதியது, இம்யூனோ (ஆன்டிபாடியை வைத்துச் செல்லின் வகையைப் பார்க்கும் சோதனை) செய்யவில்லை. நான் டாக்டர் இல்லை, நோய் என்னவென்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் லேபில் முப்பது வருஷம் காதில் விழுந்த பேச்சு இருக்கிறதே. செமினோமாக்காரர்கள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பார்கள். அறுபது தாண்டியவருக்கு விதையில் கட்டி என்றால் எங்கள் லேப் டாக்டர் மேடம் முதலில் கேட்பது “லிம்ஃபோமா பாத்தாச்சா?” என்றுதான். லிம்ஃபோமா என்றால் நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய். அந்த வயதில் விதையில் அதிகம் வருவதே லிம்ஃபோமாதான். அதற்கு மருந்து வேறு, கவனிக்க வேண்டிய இடமும் வேறு. மூளைக்குப் போகும், மறு விதைக்கும் போகும்.

அதனால் அக்கா மகனை அனுப்பி ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி வரச் சொன்னேன். பிளாக் என்றால் தெரியாதவர்களுக்காக: கட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டை மெழுகுக்குள் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்னதான பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். மேலே நம்பர் எழுதியிருக்கும். நோயாளிக்குத் தரப்படும் ரிப்போர்ட் ஒரு கருத்து; அந்தப் பிளாக்தான் சாட்சி. வருஷக்கணக்கில் கெடாது. எப்போது வேண்டுமானாலும் இன்னொரு சீவல் சீவி இன்னொரு சாயம் போடலாம். கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் பையன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். மெழுகு உருக ஐம்பத்தைந்து அறுபது டிகிரி வேண்டும், பஸ்ஸில் உருகாது. இருந்தாலும் எனக்குப் பதற்றம். ‘டிபன் பாக்ஸில் வைத்து எடுத்து வந்தால் என்னடா’ என்று திட்டினேன்.

ஸ்லைடை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய மேடத்திடம் போனேன். அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் வீட்டு மாடியில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. கண்ணை வைத்து இரண்டு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “என்னம்மா, இவருக்கு எவ்வளவு நாளா வீக்கம்?” என்றார். சொன்னேன். “நீங்களும் பாருங்க. மூணு சைஸ்ல செல் இருக்கு.”

பார்த்தேன். செமினோமா என்றால் செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வெளிறின உடல், நடுவில் உருண்டை நியூக்ளியஸ் (உட்கரு), இடையிடையே நார்த்தடுப்பு, அதில் லிம்ஃபோசைட் என்ற சின்ன வெள்ளணுக்கள் மிளகு தூவியது போல. இங்கே தடுப்பையும் காணோம், மிளகையும் காணோம். சின்னதும் நடுத்தரமுமாகச் செல்கள். அங்கங்கே ஒரு ராட்சசன், அவன் நியூக்ளியஸுக்குள் நூல்கண்டைப் பிரித்துப் போட்ட மாதிரி குரோமாட்டின் என்ற மரபுப்பொருள். இப்படி ஒரு கட்டி உண்டு என்று பியர் மாசான் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1946-இலேயே எழுதிவிட்டார். ஸ்பெர்மட்டோசிட்டிக் செமினோமா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் வம்பே. செமினோமா என்று வாலில் இருந்ததால் செமினோமாவின் தம்பி என்று நினைத்து வைத்தியம் பார்த்தவர்கள் உண்டு. 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அந்த வாலை வெட்டி ‘ஸ்பெர்மட்டோசிட்டிக் டியூமர்’ என்று மாற்றினார்கள். உறவே வேறு. செமினோமா முளைப்பதற்கு முன் பக்கத்து விந்துக் குழாய்களில் செல்கள் கெட ஆரம்பித்த ஒரு முன்நிலை இருக்கும். இதற்கு அது கிடையாது. விதை இறங்காமல் வயிற்றிலேயே தங்கிப் பிறந்தவர்களுக்குச் செமினோமா அதிகம் வரும். இதற்கு அந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, மெதுவாக வளரும். வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அரிது. சார்கோமா என்ற முரட்டுப் புற்றாக மாறினால்தான் ஆபத்து, அதுவும் அபூர்வம். விதையை எடுத்ததோடு வைத்தியம் முடிந்தது.

“ஆனா, கண்ணால பாத்துட்டு நான் எழுதித் தர மாட்டேன், இம்யூனோ போடணும்” என்றார் மேடம். இந்த இடத்தைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வந்தேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் லேபில் இம்யூனோ இல்லை. எச்-அண்ட்-ஈ, அப்புறம் பாஸ் (PAS) சாயம், இப்படிச் சில. பாஸ் போட்டால் செமினோமா செல்லுக்குள் இருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை ரோஸ் நிறத்தில் காட்டிக்கொடுக்கும். ஸ்பெர்மட்டோசிட்டிக்கில் கிளைகோஜன் இல்லை, வராது. ஆனால் திசு பதப்படுவதில் கொஞ்சம் பிசகினாலும் கிளைகோஜன் கரைந்து போய்விடும். அப்போது எல்லாமே வெளிறித்தான் தெரியும், நம்ப முடியாது.

இம்யூனோவின் தந்திரம் வேறு. ஒவ்வொரு வகைச் செல்லும் தனக்கென்று சில புரதங்களை வைத்திருக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியைச் சொட்டு விட்டு, அது ஒட்டின இடத்தில் நிறம் வரும்படி செய்வது. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியில் கட்டிப் பார்த்தார். 1966-இல் சாயத்துக்குப் பதில் என்சைமைக் கட்டினார்கள், சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்க முடிந்தது. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள், 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எங்களை மாதிரி லேப்களுக்கு உயிர் கொடுத்தது 1991-இல் வந்த எளிய வித்தை: திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் முடங்கிக் கிடக்கும் புரதத்தை, ஸ்லைடைக் கொதிக்கவைத்து மறுபடி விரியச் செய்வது. முதலில் மைக்ரோவேவில் செய்தார்கள். எங்கள் லேபில் பிரஷர் குக்கர்தான். சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளை நிற்கவைத்து மூடி போட்டு விசில் எண்ணுவோம். புதிதாக வந்த பெண்கள் “அக்கா, இட்லி வெந்துருச்சா?” என்று கேட்பார்கள்.

அத்தானின் பிளாக்கில் இன்னொரு சங்கடம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் விதையை அப்படியே முழுசாக, பிளக்காமல், வாய் சின்னதான ஒரு பாட்டிலில் திணித்துக் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே இறங்கும். விதைக்கு மேல் வெள்ளையாக ஒரு தடித்த உறை வேறு. நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேர்வதற்குள் அது கூழாகிவிடும். வெட்டின பிளாக் நடுவிலிருந்து! 31 வருஷத்தில் நான் சலைனில் வந்த விதை பார்த்திருக்கிறேன், ஸ்பிரிட்டில் வந்தது பார்த்திருக்கிறேன், ஊறுகாய் பாட்டிலில் மூடி டேப் ஒட்டி வந்ததும் பார்த்திருக்கிறேன். எடுத்தவுடன் ஒரு கீறல் கீறிப் பிளந்து, சதையைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில், வாய் அகன்ற டப்பாவில் போட வேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. நல்ல வேளை, மிச்சத் திசுவை இன்னும் கொட்டாமல் வைத்திருந்தார்கள். ஓரத்திலிருந்து, பக்கத்து நல்ல திசுவும் சேர்ந்து வருகிற மாதிரி இன்னொரு பிளாக் போட்டு வாங்கினோம்.

கட்டிங்கை நான் செய்யவில்லை; நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது இருக்கும் பெண் செய்தாள். நான் பின்னால் நின்றேன். மூன்று மைக்ரான் சீவல், ரிப்பன் ரிப்பனாக வரும். வெந்நீர்த் தொட்டியில் விட்டால் பால் ஆடை மாதிரி மிதந்து விரியும். அதில் ஒரு மடிப்பு விழுந்தால்கூட நிறம் மடிப்பில் தேங்கிப் பொய் சொல்லும். அவள் கை நன்றாக இருந்தது, ஒரு மடிப்பு இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, கன்ட்ரோல் போடு, கன்ட்ரோல் போடு என்று இரண்டு முறை சொன்னேன். “போட்டுட்டேன்க்கா” என்றாள்.

கன்ட்ரோல் என்பது, முன்பே உறுதியான செமினோமா ஒன்றின் சீவல். அதையும் கூடவே அதே ஆன்டிபாடியில், அதே நேரம் நனைக்க வேண்டும். ஏனென்றால் இந்தச் சோதனையில் நாம் எதிர்பார்ப்பது ‘நிறம் வராது’ என்ற பதில். நிறம் வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு. ஆன்டிபாடி காலாவதியாகியிருக்கலாம், குக்கர் சரியாகச் சூடாகாமல் இருக்கலாம், சீவலே கெட்டிருக்கலாம். பக்கத்தில் கன்ட்ரோல் பளிச்சென்று வந்தால்தான் இந்த ‘வரவில்லை’க்கு மதிப்பு.

முக்கியமான ஆன்டிபாடி ஆக்ட்-3/4. செமினோமாவில் நியூக்ளியஸ் முழுக்க நிறம் பிடிக்கும். எம்பிரியோனல் கார்சினோமா என்ற இன்னொரு விதைக் கட்டியிலும் பிடிக்கும், ஆனால் அதற்கு சிடி-30 சேர்த்துப் போட்டால் தெரிந்துவிடும். ஸ்பெர்மட்டோசிட்டிக்கில் ஆக்ட்-3/4 பிடிக்கவே பிடிக்காது. சால்-4 இரண்டிலும் பிடிக்கும். அது ‘விந்தணு வம்சத்துக் கட்டிதான்’ என்பதற்கு மட்டும் சாட்சி. சிடி-117 இரண்டிலுமே வரலாம், அதை மட்டும் நம்பி முடிவு செய்தால் தப்பாகப் போகும். லிம்ஃபோமாவா என்று பார்க்க சிடி-45, சிடி-20. விந்தணு வம்சத்தைச் சேராத செர்டோலி செல் கட்டி, லேடிக் செல் கட்டி என்று சில இருக்கின்றன, அவற்றுக்கு இன்ஹிபின். செர்டோலி கட்டி சில சமயம் அச்சு அசல் செமினோமா வேஷம் போட்டு வந்து, ஆளைக் கதிர்வீச்சு வரை கொண்டுபோய் விட்டுவிடும். லேடிக் செல்லில் இன்னொரு பொறி உண்டு: அதற்குள் இயற்கையாகவே பழுப்பு நிறப் பொருள் இருக்கும். நாங்கள் ஏற்றும் நிறமும் பழுப்பு. பழகாத கண் அதைப் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடும். எங்கள் லேபில் ஒரு முறை கிட்டத்தட்ட எழுதிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் ஸ்லைடு ரெடி. முதலில் கன்ட்ரோலை வைத்தோம். ஒவ்வொரு நியூக்ளியஸும் கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் நின்றது. கும்பகோணத்துக்காரிக்கு வேறு உவமை வராது. அப்புறம் அத்தானுடையது. சின்னது, நடுத்தரம், ராட்சசன், எல்லாம் வெறும் பின்னணிச் சாயமான ஹெமடாக்ஸிலின் நீலம். ஒரு புள்ளி பழுப்பு இல்லை. பக்கத்து விந்துக் குழாய்களிலும் இல்லை. சால்-4 நன்றாகப் பிடித்திருந்தது. சிடி-117 திட்டுத் திட்டாக. சிடி-45, சிடி-20, சிடி-30, இன்ஹிபின் நான்கும் இல்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “கீமோவை நிறுத்தச் சொல்லுங்க, நான் லெட்டர் தரேன்” என்றார்.

கீமோ டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைப் படித்தார், தன் மருத்துவமனை பேத்தாலஜிஸ்ட்டிடமும் ஸ்லைடைக் காட்டினார், ஒத்துக்கொண்டார். அந்த நெறியை மூன்று மாதம் கழித்து ஸ்கேனில் மறுபடி பார்த்தார்கள். வளரவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. இப்போதும் செக்கப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பீடியை மட்டும் விடவில்லை.

இந்த ஆன்டிபாடி எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்காது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு, பரிசோதனை செய்ய ஐந்தாறு நாள் தாமதம் ஆகும், இதெல்லாம் எனக்கும் தெரியும். முதலில் ரிப்போர்ட் எழுதிய டாக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. கெட்டுப்போன நடுத்திசுவை வைத்துக்கொண்டு, இம்யூனோ வசதி இல்லாமல், ஒரு நாளைக்கு அறுபது எழுபது கேஸ் பார்ப்பவர். இந்தியாவில் விதைக் கட்டியே அபூர்வம், லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் இது அபூர்வத்துக்குள் அபூர்வம். வாழ்நாளில் ஒன்று கூடப் பார்க்காமல் ஓய்வு பெறும் டாக்டர்கள் நிறைய. ஆனால் ‘செமினோமா போல் தெரிகிறது, வயது காரணமாக இம்யூனோ செய்து உறுதிப்படுத்தவும்’ என்று ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் மறுபடி எழுதினால், வீக்கத்தைக் கவனிக்கச் சொல்வதோடு இதையும் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே கட்டி ரத்தத்தில் கூட்டக்கூடிய பொருள்களைப் பார்க்கும் ஏஎஃப்பி, ஹெச்சிஜி, எல்டிஹெச் பரிசோதனை செய்தார்களா என்று கேட்க வேண்டும்; கட்டியை எடுத்தபிறகு எடுத்தால் அளவு இறங்க ஆரம்பித்திருக்கும், முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ரிப்போர்ட்டில் இம்யூனோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஐம்பது தாண்டியவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். ‘நீங்க என்ன டாக்டரா?’ என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அப்புறம், வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பில், மருந்து எல்லாம் சரிபார்க்கிறோமே, கூடவே பிளாக் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மேல்சிகிச்சைக்கு வேறு ஊர் போனால் பிளாக்கையே வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அத்தானுடைய இரண்டு பிளாக்குகளும் இப்போது அக்கா வீட்டு பீரோவில், நிலப் பத்திரத்தோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. போன மாதம் போயிருந்தபோது டப்பாவைத் திறந்து பார்த்தேன். நம்பர் கொஞ்சம் மங்கியிருந்தது. மேலே பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன்.

ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)